பிக்கப்பின் முன்பக்கத்தை இறக்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

ஏற்காடு அடிவாரத்தில் டீக்கடை ஓரமாக நிற்கும் பிக்கப் வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று கண்ணில் படும். காப்பி மூட்டையோ மிளகு மூட்டையோ ஏற்றி மலையிலிருந்து இறங்கிய வண்டி பின்பக்கம் அமுங்கி, தரைக்குச் சமமாக நிற்கும். காலி வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவே ஒன்றிரண்டு வண்டிகள் மட்டும் மூக்கைத் தரையில் வைக்கப் போவதுபோல் குனிந்து நிற்கும். அவற்றில் எதுவும் உடையவில்லை. வேண்டுமென்றே முன்பக்கத்தை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். "வளைவுல சாயாதுங்ணா." "ரோட்டக் கவ்விப் புடிச்சு ஓடும்." "ஸ்பிரிங்க லூஸ் பண்ணிட்டா மெத்துன்னு போகும்." இதில் முதலாவது கால்பங்கு உண்மை. இரண்டாவது, எவ்வளவு இறக்கினோம் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது முழுக்கத் தவறு.

என் அக்கா மகன் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, ஒரு பட்டறையில் அரை மணி நேரத்தில் முன்பக்கத்தை ஐந்து சென்டிமீட்டர் இறக்கிக்கொண்டு வந்தான். இரண்டு மாதத்தில் மலை இறக்கத்தில் முன்னால் 'டங் டங்' என்று சத்தம். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று யாரோ சொல்ல, இரண்டையும் புதிதாக மாற்றினான். சத்தம் போகவில்லை. அதற்குள் முன் டயர்கள் இரண்டும் உள்பக்கம் மட்டும் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டன. "மாமா, புது ஷாக் போட்டும் அடிக்குதே" என்று அவன் வந்து நின்றபோதுதான், இந்த விஷயத்தை அடியிலிருந்து விளக்கி எழுத வேண்டும் என்று தோன்றியது. கெட்டுப்போகாத பாகத்துக்கு அவன் பணம் கொடுத்திருந்தான்.

தொட்டிலில் தொடங்குவோம்

உத்தரத்தில் கயிறு கட்டி, கயிற்றில் ஸ்பிரிங் மாட்டி, அதில் சேலையைத் தூளியாகக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. வண்டியின் சஸ்பென்ஷன், அதாவது உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கி நிற்கும் அமைப்பு, மொத்தத்தையும் அந்தத் தூளியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

குழந்தையைப் படுக்க வைத்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் நீண்டு ஓரிடத்தில் நிற்கும். குழந்தை ஐந்து கிலோ இருந்து ஸ்பிரிங் பத்து சென்டிமீட்டர் நீண்டால், பத்து கிலோ ஆகும்போது இருபது சென்டிமீட்டர் நீளும். எடைக்கு ஏற்ற நீட்சி. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி இதுதான். ஒரு சென்டிமீட்டர் நீள எத்தனை கிலோ தேவை என்பதை ஸ்பிரிங்கின் விறைப்பு என்போம். நம் தூளி ஸ்பிரிங்கின் விறைப்பு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ.

குழந்தை காலை உதைத்தால் தூளி மேலும் கீழும் ஆடும். அம்மா கையை வைத்துப் பிடித்தால் ஆட்டம் அடங்கும். வண்டியில் அந்தக் கை செய்யும் வேலையைச் செய்வது ஷாக் அப்சார்பர். எடையைத் தாங்குவது அதன் வேலையே இல்லை. அம்மா கையை எடுத்துவிட்டாலும் தூளி கீழே விழுவதில்லை அல்லவா? அதுபோல சாதாரண பிக்கப்பில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து செத்துப்போனாலும் வண்டியின் உயரம் குறையாது, ஆட்டம்தான் அடங்காது. எடையைத் தாங்கி வண்டியை அந்த உயரத்தில் நிறுத்துவது ஸ்பிரிங்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தூளிக்குக் கீழே தரை. தூளிக்கும் தரைக்கும் நடுவே போதிய இடம் இருக்கும்வரை குழந்தை எவ்வளவு உதைத்தாலும் ஆபத்தில்லை. அந்த இடம் குறைந்தால், ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடி விழும். வண்டியில் இந்தத் தரைக்குச் சமமானது பம்ப் ஸ்டாப்: சக்கரம் ஓர் அளவுக்கு மேல் ஏறி இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க வைத்திருக்கும் ரப்பர் கட்டை.

இதுவரை சொன்னது: ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குகிறது, பம்ப் ஸ்டாப் கடைசி எல்லை. இனி வரும் எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கும்.

நம் வண்டிகளில் ஸ்பிரிங் எந்த உருவில் இருக்கிறது

முன்பக்க ஸ்பிரிங் மூன்று உருவங்களில் வருகிறது. குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ், ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவற்றில் முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் சுருள் ஸ்பிரிங். ஒவ்வொரு சக்கரமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம்களால், அதாவது இரும்புக் கைகளால், பிடிக்கப்பட்டுத் தனித்தனியாக ஏறி இறங்கும்.

அக்கா மகனின் வண்டியில் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்குக் கம்பி. இதுதான் பலருக்குப் புரிவதில்லை. சுருளும் தெரியாது, பட்டையும் தெரியாது, எடையை எது தாங்குகிறது என்று தேடுவார்கள். ஈர வேட்டியைப் பிழியும்போது ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இன்னொருவர் முறுக்குவார். முறுக்கியவர் கையைத் தளர்த்தினால் வேட்டி திரும்பச் சுழலும். அதே வேலையைத்தான் வண்டிக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கும் உருக்குக் கம்பி செய்கிறது. ஒரு முனை சக்கரத்தின் ஆர்மில் பூட்டியிருக்கும். மறுமுனை சேசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு சிறு நெம்புகோலில் மாட்டியிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். திரும்ப விடுபட்டுச் சக்கரத்தைக் கீழே தள்ளும்.

சேசி முனையில் இருக்கும் அந்த நெம்புகோலை ஒரு நீள போல்ட் தாங்கி நிற்கிறது. அதை இறுக்கினால் முன்பக்கம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்பேனரும் போதும் என்பதால்தான் இந்த வகை வண்டிகளை இவ்வளவு எளிதாக இறக்கிவிடுகிறார்கள். கம்பெனி அந்த போல்ட்டைக் கொடுத்ததற்குக் காரணம் வேறு. வருடக்கணக்கில் ஓடிக் கம்பி சற்றே தளர்ந்தால் உயரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரவும், இடமும் வலமும் சமமாக நிற்க வைக்கவும் அது உதவுகிறது.

போல்ட்டைத் தளர்த்தினால் மெத்தையாகுமா?

ஆகாது. ஏன் என்று தூளியிடமே கேட்போம்.

உத்தரத்தில் கட்டிய கயிற்றை அவிழ்த்து அரை அடி நீட்டிக் கட்டுங்கள். தூளி அரை அடி இறங்கிவிடும். ஸ்பிரிங் எவ்வளவு நீண்டிருக்கிறது? முன்பு நீண்டிருந்த அதே அளவுதான். குழந்தையின் எடை மாறவில்லை, ஸ்பிரிங்கும் மாறவில்லை. விறைப்பு அப்படியே இருக்கிறது. தரை மட்டும் பக்கத்தில் வந்துவிட்டது.

டார்ஷன் பார் போல்ட்டைத் தளர்த்துவதும் இந்தக் கயிற்றை நீட்டுவது போலத்தான். போல்ட்டைத் தளர்த்தினால் கம்பியின் முறுக்கு குறைந்து இளகிவிடும் என்று நினைக்கிறோம். வண்டியைத் தரையில் இறக்கி வைத்ததும் அதே எடையைத் தாங்கியாக வேண்டும். அதற்குக் கம்பி ஏறக்குறைய அதே அளவு முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். கம்பியின் விறைப்பைத் தீர்மானிப்பவை அதன் கனம், நீளம், உருக்கின் தன்மை. போல்ட்டுக்கு அதில் பங்கில்லை.

அப்படியானால் இறக்கிய பிறகு வண்டி முன்பைவிடக் கடினமாக இருப்பது ஏன்? பலர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் உணர்ந்தது சரி. குழியில் விழும்போதெல்லாம் வண்டி ஸ்பிரிங்கை விட்டுவிட்டு பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் உட்காருகிறது. அக்கா மகன் கேட்ட 'டங்' சத்தமும் அதுதான். புது ஷாக் அப்சார்பர் அதைத் தடுக்க வழியே இல்லை.

சக்கரம் மேலே ஏற இருக்கும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை இறக்கும்போது நாம் செலவழிப்பது, சக்கரம் மேலே ஏறுவதற்கென்று விடப்பட்டிருக்கும் இடத்தை. வெளியே இருந்து பார்த்தால் ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே அழகாக இடைவெளி குறைந்ததாகத் தெரியும். உள்ளே பம்ப் ஸ்டாப்புக்கும் ஆர்முக்கும் நடுவே இருந்த இடம் போய்விட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். வண்டிக்கு வண்டி இவை மாறும்.

சுமையோடு 2500 கிலோ எடையுள்ள பிக்கப். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3 மீட்டர். வண்டியின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் அந்தப் புள்ளியை எடை மையம் என்போம். அது தரையிலிருந்து 86 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு முன் சக்கரமும் ஒரு சென்டிமீட்டர் மேலேற 40 கிலோ தேவை. சமதளத்தில் நிற்கும்போது பம்ப் ஸ்டாப் வரை சக்கரம் ஏற 8 சென்டிமீட்டர் இடம்.

இப்போது ஓட்டுநர் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறார். வேகம் ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 18 கிலோமீட்டர் வீதம் குறைகிறது. அது சடன் பிரேக் இல்லை, எதிரே பஸ் வந்தால் நாம் எல்லோரும் போடும் பிரேக். எடை முன்னோக்கிச் சாயும். எவ்வளவு? வேகம் குறையும் இந்த வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய பாதி. எனவே 2500-ஐ அரையால் பெருக்கி, 0.86-ஆல் பெருக்கி, 3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 360 கிலோ. ஆளுக்கு 180 கிலோ என்று இரண்டு முன் சக்கரங்களும் கூடுதலாகச் சுமக்கின்றன. 180-ஐ 40-ஆல் வகுத்தால் நாலரை சென்டிமீட்டர். முன்பக்கம் அவ்வளவு அமுங்கும்.

இறக்காத வண்டியில் 8-இல் நாலரை போனாலும் மூன்றரை மிச்சம். குழி வந்தால் சமாளிக்கலாம். ஐந்து சென்டிமீட்டர் இறக்கிய வண்டியில் இருந்ததே 3 சென்டிமீட்டர்தான். பள்ளமே வேண்டாம், பிரேக் பிடித்ததற்கே பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டது.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக். சாலை சரிவாக இருப்பதால் பிரேக் பிடிக்காமலே கொஞ்சம் எடை ஏற்கெனவே முன்னால் வந்திருக்கும். வளைவுக்குள் நுழைந்ததும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு இன்னும் அதிகம். இந்த மூன்றும் ஒரே சக்கரத்தில் சேரும் நொடியில், அந்தச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் முட்டினால் அங்கே ஸ்பிரிங் இல்லாதது போலாகிவிடும். சாலையின் சிறு மேடுபள்ளத்தைக்கூட டயரால் பின்தொடர முடியாது. தொட்டும் தொடாமலும் துள்ளும். ஸ்டேரிங்கைத் திருப்பியிருப்போம், வண்டி நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். ரோட்டைக் கவ்வும் என்று நம்பிச் செய்த வேலை, கவ்வ வேண்டிய அந்த இடத்தில்தான் கைவிடுகிறது.

நிஜத்தில் பம்ப் ஸ்டாப் ரப்பர் கல் மாதிரி மோதாது, படிப்படியாக இறுகும். ஆர்ம்களின் அமைப்பும் முன்பக்கம் குனிவதை ஓரளவு தடுக்கும். ஆகவே என் கணக்கில் வந்ததைவிட நிலைமை கொஞ்சம் மேலாக இருக்கலாம். ஆனால் சில பிக்கப்களில் கம்பெனி கொடுக்கும் இடமே 8 சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: இறக்கினால் ஸ்பிரிங் மாறுவதில்லை, இடம் குறைகிறது. மலையில் இறங்கும் வண்டிக்கு அந்த இடம் மிக அதிகமாகத் தேவைப்படுவது முன்பக்கத்தில்தான்.

செருப்பு ஒரு பக்கம் தேய்வது போல

சிலருக்குச் செருப்பின் உள்விளிம்பு மட்டும் தேயும். பாதம் உள்பக்கம் சாய்ந்து படுவதால் அப்படி. சக்கரத்துக்கும் இது உண்டு. வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்துக்குக் கேம்பர் என்று பெயர். மேலே நின்று பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் நேராகப் பார்க்கின்றனவா, ஒன்றையொன்று பார்க்கின்றனவா, விலகிப் பார்க்கின்றனவா என்பதற்கு டோ என்று பெயர்.

இரண்டு ஆர்ம் உள்ள வண்டியில் மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம். தோளை அசைத்துக் கை முழுவதையும் தூக்கினால் விரல்நுனி ஒரு பெரிய வட்டத்தில் போகும்; முழங்கையை மட்டும் மடக்கினால் சின்ன வட்டத்தில் போகும். அதுபோல இரண்டு ஆர்ம்களும் வேறு வேறு வட்டத்தில் ஏறுவதால், சக்கரம் மேலே போகப் போக அதன் தலை உள்ளே சாயும். வளைவில் இது தேவையான குணம். ஆனால் வண்டியை நிரந்தரமாக இறக்கி வைத்தால், நேர்ச்சாலையிலும் சக்கரம் உள்ளே சாய்ந்தபடியே ஓடும்.

டயரைத் தின்பதில் கேம்பரைவிட டோதான் மோசம். ஸ்டேரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும் தனக்கென்று ஒரு வட்டத்தில்தான் அசையும். வண்டி இறங்கும்போது அது சக்கரத்தை உள்ளேயோ வெளியேயோ கொஞ்சம் திருப்பிவிடும். எந்தப் பக்கம் என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு சக்கரம் ஒரே ஒரு பாகை தவறாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அந்த டயர் பதினேழு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தரையோடு தேய்க்கப்படுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போய்த் திரும்பினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆக, ஒரு நடைக்கு ஒரு கிலோமீட்டர் தூரம் டயரை ரோட்டில் குறுக்காக வைத்து இழுத்ததற்குச் சமம். இரண்டு மாதத்தில் கம்பி தெரிந்ததில் வியப்பில்லை.

எனவே இறக்கிய அன்றே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் இந்தக் கோணங்களை அளந்து சரிசெய்வது, பார்த்தாக வேண்டும். அக்கா மகன் பார்க்கவில்லை. பட்டறைக்காரரும் சொல்லவில்லை. பார்த்திருந்தால் டோவைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் கேம்பரைத் திருத்த ஒவ்வொரு வண்டியிலும் ஓர் எல்லைதான் உண்டு. அதைத் தாண்டி இறக்கினால் எந்த இயந்திரத்தாலும் சரிசெய்ய முடியாது.

முன்பக்கம் மட்டும் குனிவதால் வரும் இன்னொரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றே சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியின் சக்கரங்களுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. வளைவு முடிந்ததும் ஸ்டேரிங் தானாக நேராகத் திரும்புவதற்கு அது ஒரு காரணம். மூக்கு குனியும்போது அந்தச் சாய்வு குறைகிறது. ஸ்டேரிங் திரும்பி வருவதில் சோம்பல் தெரியும்.

வளைவில் சாய்வது குறையுமா?

கால்பங்கு உண்மை என்று சொன்னேனே, அது இதுதான். வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை நகர்வது எடை மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. தலையில் குடம் சுமப்பவர் சட்டென்று திரும்ப மாட்டார். இடுப்பில் சுமப்பவர் தாராளமாகத் திரும்புவார். மையம் இறங்கினால் நல்லதுதான்.

எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. முன்பக்கத்தை மட்டும் ஐந்து சென்டிமீட்டர் இறக்கினால், நடுவில் இருக்கும் எடை மையம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான் இறங்கும்.

இப்போது சுமையைப் பாருங்கள். மேலே 86 சென்டிமீட்டர் என்றேன், அது வந்த கணக்கு இது. காலி வண்டி 1700 கிலோ, மையம் 70 சென்டிமீட்டரில். மேலே ஏற்றிய 800 கிலோ சுமையின் மையம் 120 சென்டிமீட்டரில். இரண்டையும் சேர்த்தால் 86. சுமை ஏறியதாலேயே மையம் 16 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. அதே 800 கிலோவை, கனமான மூட்டைகளைத் தளத்தில் பரப்பி, லேசானவற்றை மேலே வைத்து, சுமையின் மையத்தை 100 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால்? மொத்த மையம் ஏறக்குறைய 80-க்கு வந்துவிடும். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியாயிற்று. போல்ட்டைத் தொடவில்லை, டயர் தேயவில்லை, பம்ப் ஸ்டாப் இடம் அப்படியே இருக்கிறது.

பலாப்பழ சீசனில் மலையிலிருந்து இறங்கும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும். பழத்தைக் கோபுரமாக அடுக்கிவிட்டு முன்பக்கத்தை இறக்கிவிட்டேன், சாயாது என்று நம்புவது மிகவும் ஆபத்தான நம்பிக்கை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வளைவில் வண்டியின் உடல் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. அந்தப் புள்ளியின் இடம் ஆர்ம்களின் சாய்வைப் பொறுத்தது. அதிகம் இறக்கி, ஆர்ம்கள் சக்கரத்தை நோக்கி மேலே ஏறும்படி ஆகிவிட்டால், எடை மையத்தைவிட அந்தப் புள்ளி அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நீளும். நெம்புகோல் நீண்டது போல. ஸ்பிரிங் விறைப்பைக் கூட்டாமல் இப்படிச் செய்தால் உடல் முன்பைவிட அதிகமாகச் சாயவும் கூடும்.

மற்ற வழிகள்

சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இறக்குவதற்கென்றே குட்டையாகவும் சற்று விறைப்பாகவும் செய்த ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். இடம் குறைவதை விறைப்பு ஓரளவு ஈடுகட்டும். அதனால் இது போல்ட்டைத் தளர்த்துவதைவிட நேர்மையான வழி, செலவும் அதிகம்.

இருக்கும் சுருளையே வெட்டுவதும் நடக்கிறது. தூளி ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் குழந்தை இறங்கும் தூரமும் பாதியாகும், அதாவது விறைப்பு இரட்டிப்பாகும். வேலை செய்யும் எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். ஆகவே வெட்டினால் மெத்தென்று போகும் என்பதும் தவறு. வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடும் அபாயமும் உண்டு. கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவது இதைவிட மோசம். உருக்கு தன் பதத்தை இழந்துவிடும். பிறகு எப்போது தொய்யும், எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஒரு பட்டையை உருவுவார்கள். நான்கு பட்டை சுமந்ததை மூன்று சுமக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு பாரம் கூடுகிறது. முன் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அந்தப் பட்டைதான் என்பதால் ஏஸ், தோஸ்த் வைத்திருப்பவர்கள் இதன் பக்கமே போகாதீர்கள்.

அமெரிக்காவில் பிக்கப்களுக்கு வேறொரு முறை பரவலாக இருக்கிறது. சக்கரம் மாட்டும் தண்டை ஸ்பிண்டில் என்பார்கள். அந்தத் தண்டைத் தாங்கி, அதை ஆர்ம்களோடு இணைக்கும் இரும்புத் துண்டுக்கு நக்கிள் என்று பெயர். தண்டு சற்று மேலே பொருத்தப்பட்ட வேறு நக்கிளை மாட்டிவிடுவார்கள். தள்ளுவண்டியின் காலை அறுக்காமல், சக்கரத்தை மட்டும் காலில் கொஞ்சம் மேலே மாட்டினால் வண்டி தாழுமே, அதுபோல. ஸ்பிரிங், ஆர்ம், பம்ப் ஸ்டாப் இடம் எதுவும் மாறாது. முன்பக்கத்தை இறக்க இதுவே சரியான முறை என்பது என் எண்ணம். ஆனால் இருக்கும் நக்கிளை அறுத்து வெல்டிங் வைத்து இதைச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த வெல்டிங் விட்டால் சக்கரமே தனியாகப் போய்விடும்.

வண்டியை இறக்கும் ஆசை வளர்ந்த இடம் கலிபோர்னியா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பின்பெட்டியில் மணல் மூட்டை வைத்தும் ஸ்பிரிங்கை வெட்டியும் காரைத் தாழ்த்தினார்கள். ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் தொங்கக் கூடாது என்று 1958-இல் அந்த மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. அவர்கள் நகரத்துச் சமதளச் சாலையில், நாலு பேர் பார்க்க, மெதுவாக ஊர்ந்து போவதற்காக இறக்கினார்கள். அதில் ஓர் அழகு இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சுமையோடு இறங்குவது வேறு வேலை.

சட்டமும் விளக்கும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வாடகைக்கு ஓடும் வண்டி எஃப்.சி.க்குப் போகும்போது வெட்டிய ஸ்பிரிங்கும் உருவிய பட்டையும் கண்ணில் படும். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் கேள்வி வரும்.

ஹெட்லைட்டை மறந்துவிடுகிறார்கள். மூக்கு குனிந்தால் வெளிச்சமும் குனிந்து, வழக்கத்தைவிடக் கிட்டத்திலேயே தரையில் விழும். மலையில் பனி இறங்கிய இரவில் அது போதாது. இறக்கினால் விளக்கையும் திரும்ப அமைக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது?

இறக்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். சமதளத்தில், வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கி போட்டுத் தூக்காதீர்கள். தூக்கினால் சக்கரம் தொங்கி, இருப்பதைவிட அதிக இடம் இருப்பதுபோல் காட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் சக்கரத்தின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பரும், அது போய் உட்காரும் இரும்புத் தட்டும் தெரியும். நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும்.

பிறகு அந்த இரும்புத் தட்டைத் துடைத்துவிட்டு மெல்லிய கோட்டாகக் கிரீஸ் தடவுங்கள். ஒருமுறை மலையேறி இறங்கி வாருங்கள், அவசரப்படாமல், தினமும் ஓட்டுவது போலவே. கீழே வந்ததும் மறுபடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸ் கலையாமல் இருந்தால் உங்களிடம் மிச்சம் இருக்கிறது. அலைன்மென்ட் எல்லைக்குள் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கிவிட்டு இதே சோதனையைத் திரும்பச் செய்யலாம். ரப்பரின் அச்சு கிரீஸில் பதிந்திருந்தால், இறக்காமலேயே உங்கள் வண்டி எல்லையைத் தொட்டுவிட்டது.

அக்கா மகனின் வண்டியில் நாங்கள் பார்த்தபோது தட்டில் கிரீஸ் தடவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. ரப்பர் பட்டுப் பட்டு அந்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. போல்ட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, அலைன்மென்ட் பார்த்து, டயர் மாற்றினோம். கழற்றிப் போட்ட பழைய ஷாக் அப்சார்பர் இரண்டையும் சோதித்ததில் இரண்டுமே நன்றாக இருந்தன.